கடைமடைக்கு வந்ததா?

முதல் நாள் காலையில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் போய் அவரை அலுவலகத்துக்கு அழைத்து வந்தவன் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வழி காட்டுவது, சாவி கொடுப்பது, உட்கார இடம் ஒதுக்குவது எல்லாம் அலுவலக நிர்வாகியான என் பொறுப்பு. அவருக்குத் தென்னேரிப் பக்கம் வீடு. காஞ்சிபுரத்தில் பேருந்து மாறி தினமும் வந்துபோக வேண்டும். அதனால், "காஞ்சிபுரத்துக்கு பஸ் வசதிக்குக் குறைவில்லம்மா, கால் மணிக்கு ஒண்ணு" என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"அது சரிணா. நீங்க இங்க நின்னதுலயே ரொம்ப நேரம் நின்னது எவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு மழை நாளில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கையில் இருந்த கோப்புகள் கூழாகிவிட்டன. அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"அதான் இந்த ஊரு பஸ்ஸு. கால் மணின்றது சும்மா சொல்றது."

இதைச் சொல்லும்போது அவர் எனக்கு நான்கடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அலுவலகம் எங்கே என்று தெரியாது. ஆனாலும் வழி காட்டுகிறவனுக்கு முன்னால்தான் நடந்தார்.

நினைத்துப் பார்த்தால், அவரைப் பற்றி எனக்கு நினைவிருப்பவை எல்லாம் அந்த முதல் கேள்வியின் வேறு வேறு வடிவங்கள்தான். எதைச் சொன்னாலும் அதில் கடைசி எது, கடைசி ஆள் யார் என்று கேட்பார். தெரியாவிட்டால் அவரால் உட்கார முடியாது. உட்கார முடியாது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு நான் ஒதுக்கிய நாற்காலியின் முதுகுப்பகுதியில் அவர் சாய்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். மேசையில், சன்னல் விளிம்பில், ஒருமுறை என் அலமாரிக்குள்ளேயும் கிடந்த பாதி குடித்த டம்ளர்களை எடுத்து வைப்பது எனக்கு அன்றாட வேலையாயிற்று.

எங்கள் அலுவலகம் ஊருக்கு வெளியே, முன்பு நெல் கிடங்காக இருந்த கட்டடத்தில் இருந்தது. சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளும் ஸ்கேன் சென்டர்களும் எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பாதுகாத்து வைத்து, டாக்டர்கள் கேட்கும்போது அவர்கள் திரைக்கு அனுப்புவது எங்கள் தொழில். ஒவ்வொரு படத்தையும் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து, உள்ளறையில் அடுக்கி வைத்திருந்த கணினிகளில் பிரித்து வைப்போம். ஒரு கணினி படுத்தாலும் மற்ற இரண்டில் பிரதி இருக்கும். அந்தக் கணினிகள் எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். நான் வணிகவியல் படித்தவன். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குச் சரியாக விளங்கியது.

அவர் வந்ததற்குக் காரணம் ஒரு புகார். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியது ஓர் ஆஸ்பத்திரிக் குழுமம். காஞ்சிபுரத்தில் தலைமை மருத்துவமனை, சுற்றிலும் கிளைகள். சில நேரம் படம் திறக்கத் தாமதமாகிறது, இப்படியே போனால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் போய்விட்டால் உத்திரமேரூர் அலுவலகத்தை மூடிவிடலாம் என்று சென்னையில் உள்ள முதலாளிகள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். அவர் வந்ததோடு நாங்கள் ஏழு பேர். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாசலில் காவல் இருக்கும் மாரிக்கு என்னைவிட வயது அதிகம். எங்களை யார் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள்? எங்கே தாமதம் ஆகிறது என்று கணினி கணினியாக அளந்து காட்டும் கண்காணிப்பு ஏற்பாட்டை நிறுவ வந்தவர்தான் அவர்.

அதுவரை கண்காணிப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேலாளர் தணிகாசலம் அறையில் ஒரு டிவி இருந்தது. அதில் படம் திறக்க ஆகும் சராசரி நேரம் பெரிய பச்சை எண்ணாகத் தெரியும். வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்திக் காட்டுவார். அவரையும் நிறுத்தினார்.

"பாரும்மா, ஒரு செகண்டுகூட ஆவல."

"இது சராசரிதானே சார்? ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம் ஆனாகூட இது பச்சையாதானே காட்டும்?"

"ஒருத்தருக்குத்தானேம்மா!"

"அந்த ஒருத்தரு போன் நம்பர் உங்ககிட்ட கீதா சார்?"

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அடுத்த சில வாரங்கள் அவர் உள்ளறையிலேயே கிடந்தார். அங்கே குளிர் அதிகம். வெளியே வெயில் கொளுத்தும் மதியத்தில் ஆண்கள் போடும் தடித்த ஸ்வெட்டர் ஒன்றோடு உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரர், "அந்தம்மாவுக்கு ஜுரமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கணினியிலும், அதில் உள்ள ஒவ்வொரு டிஸ்கிலும், ஒரு துண்டைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அளந்து சொல்லும் ஏற்பாட்டைப் பொருத்தினார். எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்தால்தான் படம் திறக்கும். ஒன்று தாமதித்தாலும் மற்றவை வந்து காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, வேகமாக வந்தவை எத்தனை என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, கடைசியாக வந்தது எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியை அவர் கணினியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எங்கள் கஷ்டம்.

எங்களோடு வேலை செய்த ஒரு பையனுக்கு ஊரிலேயே கல்யாணம். நாங்கள் எல்லோரும் முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பையோடு வேனுக்குக் காத்திருந்தோம். அவர் மட்டும் சாப்பிடவில்லை. கடைசிப் பந்தியில், கடைசி இலையில், மேளக்காரர்களுக்கும் பாத்திரம் கழுவும் பெண்களுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இலை போட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எழுந்து நேராகப் பெண்ணின் அப்பாவிடம் வந்தார்.

"நைனா, வடை இல்ல. அப்பளம் தூளா வருது. பாயசத்துல தண்ணி ஊத்திட்டாங்க. சாம்பார் மட்டும் நல்லா கீது."

அந்த மனிதர் பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்றுகொண்டிருந்தார். "சாப்ட்டுட்டு வாழ்த்திட்டுப் போம்மா. நீ இன்னா இன்ஸ்பெக்சனுக்கா வந்தே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. சமையல் கட்டுக்குப் போய் மாஸ்டரிடம் ஏதோ பேசினார். அணைத்த அடுப்பை மறுபடி மூட்டி வடை போட்டார்கள். மேளக்காரர்கள் எழுந்து போகாமல் காத்திருந்து சாப்பிட்டார்கள். எங்கள் வேன் அதுவரை காத்திருந்தது. வேனில் யாரும் அவரோடு பேசவில்லை. எனக்கும் அன்று எரிச்சல்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கை கழுவிவிட்டு வரும்போது கடைசி இலையை ஒரு பார்வை பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை. அது ஒரு தொல்லை.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து உத்திரமேரூர் ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிந்தது. ஊரே போய்ப் பார்த்தது. தணிகாசலம் எங்களுக்கும் அரை மணி நேரம் விட்டார். தணிகாசலம் குடும்பத்துக்கு ஏரியின் முதல் மடையை ஒட்டித் தலைமுறையாக நிலம் உண்டு. திரும்பி வரும்போது உற்சாகமாக இருந்தார்.

"ரொம்பிடுச்சுப்பா. இந்த வருசம் கவலை இல்ல."

"யாருக்கு சார்?" என்றார் இவர்.

"இன்னா யாருக்கு? ஊருக்குத்தான்."

"கடைமடைக்கு வந்துச்சா?"

"வரும். தண்ணிக்கு வழி தெரியாதா இன்னா?"

"தண்ணிக்குத் தெரியும் சார். நடுவுல மம்முட்டி வெச்சிக்கினு நிக்கிறவங்க வுடணுமே."

எல்லோரும் சிரித்தோம். தணிகாசலமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "இவ்ளோ வாய வெச்சிக்கினு நீ ஏம்மா கம்ப்யூட்டருக்கு வந்தே? எலக்சன்ல நின்னிருக்கலாமே," என்றார். இவருடைய அப்பாவும் அம்மாவும் தென்னேரி ஏரிப் பாசனத்தின் கடைசி வயல்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவராகச் சொல்லவில்லை. பணியாளர் விவரத்துக்காக நான் கேட்டபோது சொன்னார்.

மறுநாள் தணிகாசலத்தின் டிவியில் பச்சை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அன்று திறந்த படங்களிலேயே மிகவும் தாமதமானவை மட்டும் அதில் ஒரு சிவப்புக் கோடாக ஏறி இறங்கும். தலைப்பில் 'கடைமடை' என்று தமிழில் எழுதியிருந்தார்.

"இத எடும்மா. வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

"வர்றவங்க இதப் பாக்கத்தான் சார் வர்றாங்க."

எடுக்கவில்லை. நாங்கள் ஏழு பேரும் அன்று முதல் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினோம். அதைப் பார்க்காமல் இருந்த நாட்களில் நிம்மதியாக இருந்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மாரிகூட வாசலில் இருந்து வந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஏறிக்கினு கீதா, எறங்கிக்கினு கீதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

தவறு அங்கிருந்துதான் வந்தது. கோடு ஏறுவதற்கு எந்த டிஸ்க் காரணம் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. அது பழுதாகவில்லை, மெதுவாக வேலை செய்தது, அவ்வளவுதான். அதை விலக்கினார். கோடு இறங்கியது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் அதற்கு முந்தையது கடைசியாகிவிடுகிறது. அதையும் விலக்கினார். பிறகு ஒரு முழுக் கணினியை. அதற்குப் பிறகும் ஒன்று கடைசியாக நின்றது. அதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. விலக்கிய ஒவ்வொன்றிலும் இருந்த பிரதிகளை, மிச்சம் இருந்த கணினிகள் தங்களுக்குள் புதிதாக எழுதிக்கொள்ளத் தொடங்கின. எல்லாமே நகல் எடுக்கும் வேலையில் மூழ்கிவிட, டாக்டர்கள் கேட்ட படங்கள் வரிசையில் நின்றன. ஆஸ்பத்திரிகள் சுறுசுறுப்பாக இருக்கும் முற்பகல் நேரம். என் மேசைத் தொலைபேசி ஓயவில்லை. பச்சை எண்ணே சிவப்பாகிவிட்டது.

"ஓடிக்கினு இருந்த வண்டியைப் பிரிச்சு ரோட்ல போட்டுட்டியேம்மா!" என்று தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆமா சார்," என்றார். சென்னைக்கும் அவரே பேசினார். நான்தான் எடுத்தேன், யாரும் சொல்லவில்லை, எடுத்திருக்கக் கூடாது என்றார். அவ்வளவு வேகமாக ஒருவர் தன் தவறைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக் குழுமம் பொறுமை இழந்தது. வரும் திங்கட்கிழமை ஒரு முழு வேலை நாள் நாங்கள் கவனிப்போம், எங்கள் எந்தக் கிளையிலும் எந்தப் படமும் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, அப்படி ஆனால் ஒப்பந்தம் முடிந்தது என்று தெரிவித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் அலுவலகமும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நிலைமை ஓரளவு சீரானது. ஆனால் நகல் எடுக்கும் வேலை முழுதாக முடியவில்லை. சில பழைய படங்களுக்கு மூன்று பிரதிகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. அந்த இரண்டில் ஒன்று, எல்லாவற்றிலும் மெதுவான ஒரு பழைய கணினியில் இருந்தது. அதை விலக்கினால் அந்தப் படங்களுக்கு ஒரே பிரதிதான் இருக்கும். ஒரே பிரதி இருக்கும் படத்தைத் திறக்க கிளஸ்டர் அனுமதிக்காது. ஆகவே மெதுவானதை வைத்துக்கொண்டுதான் அந்த ஒரு நாளை ஓட்ட வேண்டும். இதை எனக்கும் தணிகாசலத்துக்கும் காகிதத்தில் வரைந்து விளக்கியவர் அவர்தான்.

திங்கட்கிழமை காலை நான் வருவதற்கு முன்பே வந்து என் மேசைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். அவசரத்துக்கென்று நிர்வாகியிடம் ஒரு தலைமைக் கடவுச்சொல் உறையிட்டு இருக்கும். அதை வைத்து யாருடைய அனுமதியையும் நிறுத்தலாம், மாற்றலாம்.

"ணா, என் பாஸ்வேர்டை மாத்திடுங்க. புதுசு இன்னான்னு என்கிட்ட சொல்லாதீங்க. சாயந்தரம் நான் கேட்டாகூட."

"ஏம்மா?"

"அந்த மிஷினை எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கோடு ஏறிச்சுன்னா என் கைக்குத் தெரியாது."

தணிகாசலம் பதறினார். "டாக்டர் கையைக் கட்டிப்போட்டுட்டு ஆபரேசனா?"

"இன்னிக்கு ஆபரேசன் கெடையாது சார். அதான் கட்டச் சொல்றேன். வேற எதுனா ஆச்சுன்னா சென்னையில ஆளுங்க கீறாங்க."

அவர் சொல்லச் சொல்ல நானே மாற்றினேன். விசைகளை அழுத்தும்போது திரும்பி நின்றுகொண்டார். பிறகு, இங்கே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறப் போய்விட்டார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. குழுமத்தின் கவனிப்பாளர்கள் தலைமை மருத்துவமனையிலும் இரண்டு பெரிய கிளைகளிலும் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். சிவப்புக் கோடு தாழ்வாகவே போய்க்கொண்டிருந்தது. தணிகாசலம் சாமி படத்துக்குப் பூ வைத்தார்.

முற்பகல் பாதி கடந்தபோது கோடு திடீரென்று எழுந்தது. அதே நேரம் என் கைபேசி அடித்தது. அவர்தான்.

"ணா, பாக்குறீங்களா?"

"பாக்குறேன். நீ எங்க கீற?"

குழுமத்தின் கடைசிக் கிளையில் இருந்தார். வாலாஜாபாத் தாண்டி, அவர் ஊருக்குப் பக்கத்தில், ஓர் அறையும் ஒரு எக்ஸ்ரே இயந்திரமும் உள்ள இடம். கவனிப்பாளர்கள் யாரும் அங்கே போகவில்லை. நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆட்டோக்காரருணா. நெஞ்சுல ஏதோ நெழல் மாதிரி கீதாம். பழைய படத்த வெச்சுப் பாத்தாத்தான் பழைய தழும்பா புதுசான்னு டாக்டர் சொல்லுவாராம். பழைய படம் சுத்திக்கினே கீது. தொறக்கல." குரலைத் தாழ்த்தினார். "பாஸ்வேர்டு சொல்லுங்க. அந்த மிஷினை மட்டும் எடுத்துடறேன். போன்லயே பண்ணிடுவேன்."

"எடுத்தா அந்தப் படமே தொறக்காம போயிடலாம்னு நீதானேம்மா வரைஞ்சு காட்டினே."

"இந்தப் படத்துக்கு மூணு பிரதியும் இருக்கலாம். இருந்துச்சுன்னா உடனே வந்துடும்."

"இல்லைன்னா?"

அவருக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

"நீ கேட்டாலும் சொல்லாதீங்கன்னு காலையில சொன்னது நீதானேம்மா."

"காலையில ஆபீஸ்ல நின்னுக்கினு சொன்னது அது! இங்க வந்து இந்தாள் மூஞ்சியப் பாருங்க. டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்துல அடுத்த கிளைக்குக் கெளம்பிடுவாரு. ணா, சொல்லுங்கணா. உங்களுக்கு இன்னா தெரியும்?"

உண்மைதான். எனக்கு எதுவும் தெரியாது. யார் சொல்வது சரி, காலையில் பேசியவரா இப்போது பேசுகிறவரா என்றும் தெரியாது. காலையில் பேசியவர் நின்று நிதானமாகப் பேசினார் என்பது மட்டும் நினைவிருந்தது. நான் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டினார். இங்கே எழுதக்கூடிய சொற்கள் அல்ல. கோடு உச்சியில் அப்படியே நின்றது. இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு கோடு விழுந்தது.

"தொறந்துடுச்சு," என்றார். "டாக்டர் போயிட்டாரு. நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. அவரு கம்முனு எழுந்து ஆட்டோவை எடுத்துக்கினு போறாரு."

இணைப்பைத் துண்டித்தார்.

அன்று மாலை குழுமத்திலிருந்து செய்தி வந்தது. கவனித்த இடங்களில் ஒரு படமும் அரை நிமிடத்தைத் தாண்டவில்லை, திருப்தி, ஒப்பந்தம் தொடரும். தணிகாசலம் ஸ்வீட் வாங்கிவரச் சொன்னார். மாரி இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டுக்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் தாமதமாக வந்து முதலில் சொன்னது, அந்த ஆட்டோக்காரருக்கு இருந்தது பழைய தழும்புதானாம், புதிதாக ஒன்றும் இல்லையாம் என்பது. வரும் வழியில் அந்தக் கிளையில் இறங்கி, டாக்டர் பார்த்து முடித்ததும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டாவதாகச் சொன்னது, அந்தத் தாமதத்தைக் குழுமத்துக்கு எழுதப் போகிறேன் என்பது.

தணிகாசலம் கதவைச் சாத்தினார். "அவங்களே பாக்கல. நீ ஏன் சொல்ற?"

"எந்தக் கிளையிலயும்னு எழுதி இருந்தாங்க சார். அது கிளைதானே?"

"ஏழு குடும்பம்மா!"

அவருக்கு அது உறைத்தது. மேசையைச் சுற்றி நடந்தார். என் பக்கம் திரும்பி, "நம்ம ஏழு பேர்ல கடைசி யாருணா? வேலை போச்சுன்னா ரொம்பக் கஷ்டப்படறது?" என்று கேட்டார். யோசிக்க ஒன்றும் இல்லை. மாரி என்றேன். நேராக வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கடைசிக் கிளையில் நடந்ததையும், அதை எழுதினால் என்ன ஆகலாம் என்பதையும் ஒன்று விடாமல் மாரியிடம் சொன்னார். எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டார்.

மாரி கம்பை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"எழுதாதம்மா. எனக்கு இந்த வேலை வேணும்."

அன்று முழுவதும் அவர் எங்கும் உட்காரவில்லை. உள்ளறைக்குப் போவார், வருவார், வாசல் வரை போய்த் திரும்புவார். எனக்குப் பதற்றமாக இருந்தது. நானும் இரண்டு முறை, "வுட்டுடும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். மாலையில் எழுதி அனுப்பிவிட்டார். முந்தைய வாரம் தான் செய்த தவறால்தான் அந்தப் படம் தாமதமானது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார். கடைமடை வரைபடத்தையும் இணைத்திருந்தார்.

பதில் வரச் சில நாட்கள் ஆயின. தலைமை மருத்துவமனையையும் பெரிய கிளைகளையும் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தூரத்தில் உள்ள சின்னக் கிளைகளை எடுத்துக்கொள்ள அந்த நிறுவனம் மறுத்துவிட்டதாம். அவை மட்டும் எங்களிடமே தொடரும். அவர் எழுதாமல் இருந்திருந்தால் ஒன்றுமே போயிருக்காது என்று தணிகாசலம் இன்றும் சொல்கிறார். எப்படியும் போகத்தான் இருந்தார்கள் என்று சென்னையில் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. அலுவலகம் மூடப்படவில்லை. ஏழு பேர் நான்கு பேரானோம். தணிகாசலத்தைச் சென்னைக்கு மாற்றினார்கள். கல்யாணமான அந்தப் பையன் வேறு வேலை தேடிக்கொண்டான். மூன்றாவது பெயராக, யாரும் கேட்பதற்கு முன்பே அவர் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். மாரியின் வேலை தப்பியது. ஆனால் அந்தச் சில நாட்கள் மாரி சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

கடைசி நாளில் சாவிகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "வரேன் மாரிண்ணே," என்றார். மாரி கேட்டைத் திறந்துவிட்டு, சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விடைபெற்றவர் அந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"அன்னிக்கு நீங்க பாஸ்வேர்டு சொல்லலன்னு எனக்கு இன்னும் கோவம் போவலணா," என்றார் என்னிடம்.

"மாரிக்கும் உன் மேல கோவம் போவல."

"அவரு கோவம் நியாயம்ணா," என்றார். "என்னுது நியாயமான்னுதான் தெரியல."

மாரி இன்னும் திரும்பவில்லை. அவர் போன பிறகும் கேட் கொஞ்ச நேரம் திறந்தேதான் இருந்தது. நான் போய்ச் சாத்தினேன்.